பழங்காசு பேணுதல்

ஸ்ரீ:

திருவிழாக் காலத்தில் எம்பெருமானை ஸேவிக்க வரும் அன்பர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. துளஸியும் பூவும் கொணர்வோர் உளர். பிணி தீர வேண்டியும், பயணம் இனிது முடிய வேண்டியும் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசினைக் கொணர்ந்து திருமுன் சேர்ப்போரும் உளர். இம்முடிச்சுகளிற் சில, முடிந்தவர் காலத்தில் அவிழ்க்கப்படாமல் பூஜை அறையிலேயே தங்கி, பேரன் காலத்தில் வெளிப்படுவதுண்டு. அப்பொழுது உள்ளே இருப்பது இன்று கடையில் செல்லாத காசாக இருக்கும். அதனைக் கண்டவர், ‘இதனால் என்ன பயன்?’ என்று எண்ணிப் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போடுவர். பொன்னாயின் தட்டாரிடம் கொடுத்து உருக்குவர்.

செல்லாக்காசு கடைக்குச் செல்லாதே தவிர, வரலாற்றுக்குச் செல்லும். கல்வெட்டைப் போன்றே காசும் ஓர் ஆவணம். கல்வெட்டு நின்ற இடத்தில் நின்று பேசும். காசோ நாடு விட்டு நாடு நடந்து சென்று பேசும். புதுக்கோட்டைச் சீமைக்கும் பொன்னமராவதிக்கும் இவ்வகையிலுள்ள சிறப்பினை யாத்திரிகர்கள் அறிந்துகொள்ளவும், தத்தம் இல்லங்களிலுள்ள பழங்காசுகளைப் பேணவும் துணையாகச் சில செய்திகள் இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

காசினைக் குறிக்கும் சொற்கள்

நாணயத்தைக் குறிக்கும் ‘ரூப்யம்’ என்னும் வடசொல்லுக்கு இலக்கணம் வகுத்தவர் பாணினி முனிவர். உருவம் பொறிக்கப்பட்டது என்னும் பொருளில் அச்சொல் அமையும் என்று அவர் அஷ்டாத்யாயியில் விதித்தார். ‘ரூபாய்’ என்று இன்று வழங்கும் சொல் அதன் வழி வந்ததே. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் நாணயம் அடிக்கும் அதிகாரிக்கு லக்ஷணாத்யக்ஷன் என்றும், நாணயத்தைச் சோதித்துப் பார்ப்பவனுக்கு ரூபதர்சகன் என்றும் பெயர் காணப்படுகிறது. ஆகவே காசினை உற்றுநோக்கி ஆராய்தல் புதிதாக வந்த பொழுதுபோக்கன்று. பண்டைய அரசியலில் அதற்கெனத் தனிப் பதவியே இருந்தது.

தமிழகத்துக் கோயிற் கல்வெட்டுகளில் காசு, பொன், மாடை, பணம், வராகன் முதலான பெயர்கள் மிகுதியாக வருகின்றன. பொன்னை நிறுப்பதற்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் நிறைகள் வழங்கின. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடரும் கல்வெட்டுகளில் உண்டு. அன்றைய நாளில் செல்லுபடியாகும் குறைவற்ற காசு என்பது அதன் பொருள். ‘பழங்காசு’ என்றும், ‘ஈழக்காசு’ என்றும் வேறு பிரித்துச் சொன்னதும் உண்டு. பாண்டியர் காலத்தில் ‘வாளால் வழிதிறந்தான் பணம்’ என்று மன்னனின் விருதுப்பெயரையே தாங்கிய பணம் வழங்கிற்று. ஒரு நந்தாவிளக்குக்கோ திருப்பள்ளியெழுச்சி அமுதுபடிக்கோ கொடை கொடுத்தவர், தாம் கொடுத்தது எவ்வகைக் காசு என்பதையும் கல்லில் வெட்டுவித்தார். எண்ணிக்கை மட்டும் எழுதி வகையை எழுதாது விட்டால் பிற்காலத்தார்க்குக் கணக்கு விளங்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். காசினை வகைப்படுத்தி எழுதும் முறைக்கு நம் முன்னோரே வழிகாட்டினர் என்பது இதனால் பெறப்படும்.

காசில் எழுந்தருளிய எம்பெருமான்

வைஷ்ணவ அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தில் ஐ-கனூம் என்னும் பழைய கிரேக்க நகரத்தை அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள், அகதோக்ளிஸ் என்னும் யவன அரசன் வெளியிட்ட ஆறு வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தனர். அவன் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அக்காசுகளின் ஒரு பக்கத்தில் கலப்பையும் உலக்கையும் ஏந்திய ஸங்கர்ஷணன். மறு பக்கத்தில் சக்கரமும் சங்கும் ஏந்திய வாஸுதேவன். ஒரு பக்கம் கிரேக்க எழுத்து; மறு பக்கம் பிராமி எழுத்து. கண்ணனும் பலராமனும் உருவத்தோடு காணப்படும் மிகப் பழைய சான்றுகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன. சிந்துநதிக்கும் அப்பால் பாகவத வழிபாடு அக்காலத்திலேயே பரவியிருந்தது என்பதை நிலைநாட்ட உள்ளங்கையில் அடங்கும் ஆறு வெள்ளித் துண்டுகள் போதுமாயின.

குப்தப் பேரரசர்களில் இரண்டாம் சந்திரகுப்தன் தன் வெள்ளிக் காசுகளில் கருடனைப் பொறித்து, தன்னைப் ‘பரமபாகவதன்’ என்று கூறிக்கொண்டான். விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் 1514இல் உதயகிரிக் கோட்டையை வென்று, அங்கிருந்த பாலகிருஷ்ணன் திருமேனியை ஹம்பிக்கு எழுந்தருளச் செய்து 1515இல் பிரதிஷ்டை செய்வித்தார். அவருடைய பொன் வராகன்களிலும் பாலகிருஷ்ணன் அமர்ந்த திருக்கோலத்தைக் காணலாம். 1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போருக்குப் பின் ஆண்ட திருமலைராயர் ஸ்ரீராமனையும் ஸீதாபிராட்டியையும் இளையபெருமாளையும் தம் காசில் அமைத்தார். 1586 முதல் 1614 வரை ஆண்ட வேங்கடபதிராயர் காசில், தோரணத்தின்கீழ் நின்ற திருக்கோலத்தில் திருவேங்கடமுடையான் ஸேவை ஸாதிக்கிறான். மறு பக்கத்தில் அவன் திருநாமத்துக்கு நமஸ்காரம் நாகரி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. தலைநகரை இழந்து, சந்திரகிரி, வேலூர் என்று அரசிருக்கை மாறிய நிலையிலும் அவ்வரசர் தம் நாணயத்தை வேங்கடவன் பெயரால் நடத்தினார்.

இதனினும் வியப்பு, கடல் கடந்து வாணிகம் செய்ய வந்த ஆங்கிலக் கம்பெனியார் சென்னைப்பட்டணத்தில் அடித்த வராகன்களிலும் எம்பெருமானே எழுந்தருளியிருந்தமை. தேவிமார் இருவரோடும் பெருமாள் நிற்கும் வராகனுக்கு ‘மூன்று சுவாமி வராகன்’ என்று பெயர் வழங்கிற்று. தெய்வ உருவம் இல்லாத பொன்னை இந்நாட்டார் எளிதில் ஏற்கமாட்டார்கள் என்பதை வணிகர் உணர்ந்திருந்தனர். சென்னையில் நட்சத்திர வராகன் ஒன்றுக்கு 42 பணம், பணம் ஒன்றுக்கு 80 காசு என்பது கணக்கு. 1818இல் ரூபாயே அடிப்படை நாணயம் என்று ஆனபோது மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடாக வைக்கப்பட்டது. பழைய பத்திரங்களில் வராகன் கணக்கைக் காண்போர்க்கு இவ்வாய்பாடு பயன்படும்.

பொன்னமராவதியும் பராக்கிரமபாகுவின் காசும்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டு அரியணைக்குப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் போட்டியிட்டனர். பராக்கிரம பாண்டியன் இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். அவ்வேந்தன் இலங்காபுரன் என்னும் தண்டநாயகன் தலைமையில் பெரும்படையை அனுப்பினான். அப்படையெடுப்பைப் பாலி மொழியிலுள்ள சூளவம்சம் விரிவாகக் கூறுகிறது. அப்படை வந்து போரிட்ட ஊர்களின் வரிசையில் பொன்னமராவதியின் பெயரும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. கடல் கடந்த நாட்டு நூலில் பெயர் ஏறிய ஊர் இது.

அதே நூல், பராக்கிரமபாகுவின் பெயர் பொறித்த கஹாபணம் என்னும் காசுகளைப் பாண்டிய நாட்டில் வழங்கச் செய்தான் இலங்காபுரன் என்றும் கூறுகிறது. வென்ற நாட்டில் தன் தலைவனின் காசை நடத்துதல், கொடியை நாட்டுவதற்கு ஒப்பாகும். காசு எங்கே செல்கிறதோ அங்கே ஆணை செல்கிறது என்பது பண்டைய அரசநீதி.

இங்கே நுட்பம் ஒன்று நோக்கத்தக்கது. பராக்கிரமபாகுவின் செப்புக்காசில் ஒரு பக்கம் அரசன் நிற்பான். மறு பக்கம் அமர்ந்திருப்பான். அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் அவன் பெயர் இருக்கும். இவ்வமைப்பு அவனுக்கே உரியதன்று. அவனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஆண்ட முதலாம் இராஜராஜ சோழன் வெளியிட்ட காசும் இவ்வாறே நிற்பவனையும் அமர்ந்தவனையும் கொண்டது. அதிலும் நாகரி எழுத்தே. இரண்டையும் வேறு பிரிப்பது அந்தப் பெயரெழுத்து மட்டுமே. எழுத்து அழிந்ததாயின் சோழன் காசு எது, சிங்களன் காசு எது என்று துணிதல் அரிது. ஒரு காசின் உயிர் அதன் எழுத்தில் உள்ளது என்று அறிஞர் வற்புறுத்துவது இதனாலேயே. கீழே கூறப்படும் எச்சரிக்கைகளுக்கும் இதுவே காரணம்.

கருக்காக்குறிச்சிப் புதையல்

புதுக்கோட்டைச் சீமையை உலக நாணயவியலார் அனைவரும் அறியச் செய்தது 1898ஆம் ஆண்டில் கருக்காக்குறிச்சியில் வெளிப்பட்ட புதையலாகும். அதில் இருந்தவை 501 ரோமானியப் பொற்காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் முகங்கள் அவற்றில் இருந்தன. வெஸ்பாசியன் ஆண்டது கி.பி. 69 முதல் 79 வரை. எனவே அதற்கு முன் இக்காசுகள் மண்ணில் புதைக்கப்பட்டிருக்க முடியாது. புதையலில் உள்ள கடைசி அரசனைக் கொண்டு புதைத்த காலத்தின் மேல் எல்லையைத் துணிவது நாணயவியலில் முதற்பாடம்.

இக்காசுகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் அரசனின் தலைமீது உளியால் வெட்டு விழுந்துள்ளது. பொன் குறையவில்லை, முகம் மட்டும் சிதைக்கப்பட்டது. இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாகவே நிறுக்கப்படும் என்று காட்டவே இவ்வாறு வெட்டினர் என்பது இதனை ஆராய்ந்தோர் கருத்து. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜி. எப். ஹில் என்னும் அறிஞர் இப்புதையலை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக யவனர் கொணர்ந்த பொன் தமிழகத்துக் கரையோடு நில்லாமல் உள்நாட்டுச் சிற்றூர் வரை வந்து சேர்ந்தது என்பதற்கு இது கண்கண்ட சான்று.

அக்காசு ஒவ்வொன்றின் எடையும் ஏறத்தாழ ஒரு சவரன். 501 சவரன் பொன்னைக் கண்டெடுத்தவர் அன்றே உருக்கியிருந்தால், அவ்வூர்ப் பெயரை இன்று உள்ளூரார் தவிர எவரும் அறியார். உருக்கப்படாமையாலும், ஒவ்வொன்றும் அரசன் வாரியாகப் பிரித்து எழுதப்பட்டமையாலுமே கருக்காக்குறிச்சி என்னும் பெயர் நூல்களில் நிலைபெற்றது.

அம்மன் காசு

புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் தமக்கெனச் செப்புக்காசு அடித்து வழங்கினர். அதன் ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியுள்ள பிரஹதாம்பாள் அமர்ந்த கோலம். மறு பக்கத்தில் ‘விஜய’ என்னும் சொல் தெலுங்கு எழுத்தில். மக்கள் இதனை ‘அம்மன் காசு’ என்றனர். இருபது அம்மன் காசு ஓரணா; 320 அம்மன் காசு ஒரு ரூபாய். 1738இல் ஸதாசிவ பிரஹ்மேந்திரரின் அருளாசியை விஜயரகுநாதராயத் தொண்டைமான் பெற்றார் என்றும், அதனை ஒட்டி நவராத்திரி விழாவில் அரிசியோடு அம்மன் காசும் வழங்கும் வழக்கம் ஏற்பட்டது என்றும் மரபு கூறுகிறது. அவ்வன்னையே ‘அரைக்காசு அம்மன்’ என்றும் போற்றப்படுகிறாள். காணாமற் போன பொருள் கிடைக்க வேண்டி அவளுக்கு வெல்லம் வைத்து வழிபடுவது இன்றும் தொடர்கிறது.

ஆங்கில ஆட்சிக் காலத்தில் இந்திய மன்னர்கள் பலர் நாணய உரிமையை இழந்த நிலையிலும், அம்மன் காசு இச்சமஸ்தானத்தில் இருபதாம் நூற்றாண்டிலும் புழங்கிற்று. தொடக்கத்தில் கையால் அடிக்கப்பட்டவை வட்டம் ஒழுங்கற்றுத் தடித்திருக்கும். பின்னர் இயந்திரத்தில் அடிக்கப்பட்டவை ஒரே சீராக இருக்கும். 1948 மார்ச் 3ஆம் நாள் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. பொன்னமராவதி வட்டாரத்துப் பழைய வீடுகளில் இன்றும் அரிசிப் பெட்டியின் அடியிலோ அஞ்சறைப் பெட்டியிலோ ஓர் அம்மன் காசு கிடக்கக்கூடும். அது தனியொரு காசன்று; ஒரு சமஸ்தானத்தின் வரலாறு.

தொகுத்தோரும் பதிவு செய்தோரும்

தென்னாட்டுக் காசுகளை முறையாகத் தொகுத்தவர்களில் முன்னோடி, சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஸர் வால்டர் எலியட். உத்தமசோழன் பெயர் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்ட பொற்காசு ஒன்றை அவர் வரைந்து வெளியிட்டார். அக்காசு பின்னர் காணாமற் போயிற்று. அவர் வரைந்த படமும் எழுதிய குறிப்பும் எஞ்சியிருந்தமையால் இராஜராஜனுக்கு முந்திய சோழன் ஒருவன் பொற்காசு வெளியிட்டான் என்ற செய்தி அழியாமல் நின்றது. பொருள் போயினும் பதிவு காக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

திருநெல்வேலிச் சீமைக் காசுகளைப் பற்றி லோவெந்தால் பாதிரியார் 1888இலும், தென்னிந்தியாவில் காசு தொகுப்போர்க்கு வழிகாட்டியாக டப்னெல் 1889இலும் நூல்கள் வெளியிட்டனர். நம்மவருள் டி. எம். ரங்காசாரியும் டி. தேசிகாச்சாரியும் விஜயநகரக் காசுகளை ஆராய்ந்து எழுதினர். தேசிகாச்சாரியின் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் 1933இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளிவந்தது. 1980களில் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த சதுரச் செப்புக்காசினை வெளிப்படுத்தினார். அதன் ஒரு பக்கம் குதிரை. மறு பக்கம் பாண்டியர்க்குரிய மீன் சின்னம். சங்க காலத் தமிழ் வேந்தர் தாமே காசு வெளியிட்டனரா என்று நெடுங்காலம் இருந்த ஐயத்தை அச்சிறு காசு நீக்கிற்று. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளும் இதற்குத் துணை நின்றன.

இவர்களுள் எவரும் பொன்னின் விலையைக் கருதி உழைத்தவரல்லர். தேய்ந்த செம்பில் ஓர் எழுத்தைக் காண்பதற்காகப் பல்லாண்டு பொறுமை காத்தவர்கள்.

பதிவு செய்யும் முறை

இல்லத்தில் பழங்காசு உடையோர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒவ்வொரு காசுக்கும் தொடர் எண் கொடுத்து, பின்வருவனவற்றை எழுதி வைத்தல் நன்று.

1. உலோகம்: பொன், வெள்ளி, செம்பு, ஈயம் என்பது.

2. எடையும் அளவும்: நகைக்கடைத் தராசில் நிறுத்த எடை கிராமில், குறுக்களவு மில்லிமீட்டரில். எடையைக் கொண்டே காசின் வகையைப் பெரும்பாலும் துணியலாம்.

3. வடிவம்: வட்டமா, சதுரமா, ஒழுங்கற்றதா, துளையோ வளையமோ உண்டா.

4. முன்பக்கமும் பின்பக்கமும்: என்ன உருவம், எத்திசை நோக்கியுள்ளது, என்ன ஏந்தியுள்ளது.

5. எழுத்து: எந்த எழுத்து, கண்ணுக்குத் தெரிவது எவ்வளவு. தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பலாகாது. புள்ளியிட்டு விட வேண்டும். கல்வெட்டுப் படியெடுப்போரும் இம்முறையையே மேற்கொள்வர்.

6. வந்த வழி: யார் வைத்திருந்தது, எந்த ஊரில், எப்பொழுது கிடைத்தது. ஆறு செய்திகளிலும் இதுவே தலையாயது. காசினைப் பார்த்து ஏனைய ஐந்தையும் பிற்காலத்தார் எழுதிவிடலாம்; இதனை மட்டும் உடையவரே சொல்ல வேண்டும்.

இரு பக்கங்களையும் அளவுகோலோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து ஒட்டி வைக்கலாம். ஒவ்வொரு காசையும் தனித்தனிக் காகித உறையில் இட்டு, உறைமீது எண்ணை எழுத வேண்டும். பல காசுகளை ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் ஒன்றையொன்று தேய்க்கும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் சில நாளடைவில் அமிலம் கசிந்து காசினைக் கெடுக்கும்.

வேத பாடசாலைகளில் கிரந்தமும் நாகரியும் கற்கும் வித்யார்த்திகள் இத்துறைக்கு மிகவும் பயன்படத்தக்கவர். இராஜராஜன் பெயரையும் வேங்கடேசன் திருநாமத்தையும் காசில் படிக்கத் தேவையான எழுத்தறிவு அவர்களிடம் முன்னமே உள்ளது.

திருக்கோயில்களைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி நகைகளும் பாத்திரங்களும் சொத்துப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. காசுமாலைகளும் அவ்வாறே எடையோடு எழுதப்படுவது வழக்கம். எடையோடு, மாலையில் கோக்கப்பட்ட காசுகளின் வகையையும் ஆண்டையும் சேர்த்து எழுதினால் பயன் மிகும். சவரன் காசுகளிலும் வேறுபாடு உண்டு. 1918ஆம் ஆண்டில் பம்பாயில் அடிக்கப்பட்ட சவரன்களில் இந்தியாவைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து நுண்ணியதாகப் பொறிக்கப்பட்டுள்ளது. தராசுக்கு எல்லாம் எட்டு கிராம். கண்ணுக்கு ஒவ்வொன்றும் வேறு.

செய்யத் தகாதவை

முதலாவது, புளியிட்டுத் துலக்குதல். பூஜைப் பாத்திரத்துக்குப் புளி ஏற்றது, பழங்காசுக்கு ஏற்றதன்று. புளியின் அமிலம் களிம்பை மட்டுமன்றி எழுத்தின் விளிம்பையும் அரிக்கும். சாம்பலும் செங்கற்பொடியும் அதனினும் கேடு. தினமும் துலக்கப்பட்டு முகம் மழுங்கிய காசு, தூய்மையாக இருக்கும்; ஊமையாகவும் இருக்கும். மண் ஒட்டியிருப்பின் தூய நீரில் நனைத்து, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தினால் போதும்.

இரண்டாவது, ஏமாறுதல். ஸ்ரீராம பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, கிழக்கிந்தியக் கம்பெனி என்றும் 1818 முதலான ஆண்டுகளும் எழுதப்பெற்ற காசுகள் திருவிழாக் கடைகளில் விற்கப்படுவதுண்டு. கம்பெனியார் இவ்வகைக் காசு எதனையும் புழக்கத்துக்கு வெளியிட்டதில்லை. இராமடங்கா எனப்படும் வழிபாட்டு முத்திரைகள் பண்டு உண்டு. அவை பூஜைக்கு உரியவை, நாணயமல்ல. அரிசியை ஈர்க்கும் காசு, கோடி ரூபாய் பெறும் இரிடியம் கலசம் என்று சொல்லிப் பொருள் பறிக்கும் கூட்டத்தாரால் நிலத்தையும் நகையையும் இழந்த குடும்பங்கள் தமிழகத்தில் பல. அரிசிக்குள் இரும்புத் துணுக்கைச் செருகி, காந்தத்தை மறைத்து வைத்துக் காட்டும் வித்தை அது. தெய்வ உருவம் பொறித்திருப்பதனாலேயே ஒரு காசு தெய்வசக்தி உடையது என்று விலை பேசுபவன், பக்தியை முதலாக வைத்து வாணிகம் செய்பவன். அன்பர்கள் விழிப்போடிருத்தல் வேண்டும். வீட்டில் பூஜைக்கென இராமர் முத்திரை வாங்குவதில் குற்றமில்லை. அதனைப் பழமை என்று நம்பிப் பெரும்பொருள் கொடுப்பதே பிழை.

மூன்றாவது, மறைத்தல். நிலத்தில் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் தொல்பொருள் எனப்படும். 1972ஆம் ஆண்டின் சட்டப்படி தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது. 2020 பிப்ரவரி 26ஆம் நாள் திருவானைக்காவல் திருக்கோயில் வளாகத்தில் மண்ணை அகழ்ந்தபோது ஒரு செம்பில் 505 பொற்காசுகள் வெளிப்பட்டன. மொத்த எடை 1.716 கிலோகிராம். ஒரு காசின் சராசரி ஏறத்தாழ 3.4 கிராம் ஆகிறது. இது வராகனின் எடையோடு ஒத்திருத்தல் நோக்கத்தக்கது. கண்டோர் அவற்றை மறைக்காமல் ஒப்படைத்தமையால் இவ்வெண்கள் நாடறிந்தன. ஒன்று குறைந்திருந்தாலும் அக்கணக்கு பொய்த்திருக்கும்.

ஐயமுடையோர் திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கிவரும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். திருமெய்யம் ஸத்யமூர்த்திப் பெருமாளையும் ஸேவித்துப் புதுக்கோட்டை வழியே ஊர் திரும்பும் யாத்திரிகர்கள் ஒரு நாழிகை அங்கே செலவிட்டால் இக்கட்டுரையில் கூறப்பட்ட பொருள்களின் இயல்பு நேரில் விளங்கும்.

காணிக்கையின் நினைவு

எம்பெருமான் அடியவர் கொணர்வது பொன்னா, செம்பா என்று பார்ப்பதில்லை. அவல் கொணர்ந்த குசேலரின் கையைப் பற்றியவன் அவன். அவனுக்குக் காசின் மதிப்பு ஒரு பொருட்டன்று. ஆயினும் காசு கொடுத்தவரின் நினைவு ஒரு பொருட்டு. முடிச்சில் கிடக்கும் காலணாவுக்குப் பின்னே, பர்மாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறிய ஒருவரின் நலத்துக்காக ஒரு தாய் செய்த பிரார்த்தனை இருக்கலாம். ‘இது இன்னார் வேண்டிக்கொண்டு முடிந்தது’ என்று ஒரு வரி எழுதி வைக்கப்படாவிடில், அப்பிரார்த்தனை வெறும் கால் அணாச் செம்பாகிவிடும்.

ஆதலின், வீடு திரும்பும் அன்பர்கள் பூஜை அறையிலுள்ள பழைய முடிச்சினை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பார்களாக. வீட்டில் மூத்தோர் இருக்கும்போதே அக்காசின் வரலாற்றைக் கேட்டு எழுதிக்கொள்வார்களாக. உருக்காமலும், துலக்காமலும், விற்போர் சொல்லில் மயங்காமலும் காப்பார்களாக. முன்னோர் வேண்டுதலில் இன்னும் செலுத்தப்படாதது ஏதேனும் இருப்பின், அடுத்த திருவிழாவுக்கு வரும்போது இக்காலத்துக் காசினை அதற்கு ஈடாக உண்டியலில் சேர்த்து, பழங்காசினை மரபுச் சொத்தாகப் பேணுவார்களாக.

அனைவர்க்கும் எம்பெருமான் திருவருள் பெருகுக.

சுபம்.